சம்பளம் உயர்ந்தால் கையில் குறைவதா?

எங்கள் தாமானில் ஓர் அண்ணன் இருக்கிறார். சக்கர நாற்காலியில் சென்று ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறார. பதவி உயர்வு தேடி வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சோம்பேறித்தனம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அவர் போட்டுக் காட்டிய கணக்கு என் வாயை அடைத்துவிட்டது.

வேலை செய்யும் மாற்றுத் திறனாளிகளுக்குச் சமூக நல இலாகா மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. 2021 வரவு செலவுத் திட்டம் அதனை 400 வெள்ளியிலிருந்து 450 வெள்ளியாக உயர்த்தியது. வேலை செய்ய இயலாதோருக்கான உதவி 250 வெள்ளியிலிருந்து 300 வெள்ளியானது. இரண்டும் வரவேற்க வேண்டியவையே.

சிக்கல் வருமான வரம்பில் இருக்கிறது. சம்பளம் அந்த வரம்பைத் தாண்டினால் உதவித்தொகைக்கான தகுதி போய்விடும். அண்ணனின் சம்பளம் வரம்பை ஒட்டியே இருந்தது. பதவி உயர்வில் கிடைப்பது 200 வெள்ளி; இழப்பது 450 வெள்ளி. கூடுதல் பொறுப்பை ஏற்றுக்கொண்டு மாதம் 250 வெள்ளி நட்டப்பட யார் முன்வருவார்?

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியானது. இப்படிச் சம்பளம் ஏறும்போதெல்லாம் வரம்பையும் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அதனால் பள்ளம் மூடப்படாது. சற்றுத் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு வெள்ளிக்கும் உதவித்தொகையில் 50 காசு குறைக்கலாம். அப்படிச் செய்திருந்தால் 200 வெள்ளி உயர்வில் அண்ணனுக்கு 100 வெள்ளியாவது மிஞ்சியிருக்கும். அமெரிக்காவின் துணை வருமானத் திட்டம் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. மாதச் சம்பளத்தில் முதல் 65 டாலரை அது கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குமேல் ஈட்டும் ஒவ்வோர் இரண்டு டாலருக்கும் ஒரு டாலரைக் குறைக்கிறது. அதே திட்டத்தில் பயனாளியின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. 1989 முதல் அந்தத் தொகை மாறவே இல்லை. முன்னதை நாம் கற்கலாம், பின்னதைத் தவிர்க்கலாம்.

அரசாங்கத்திற்குச் செலவு கூடுமே என்று கேட்கலாம். கூடத்தான் செய்யும். ஆனால் பதவி உயர்வை மறுப்பவருக்கு இன்றைய சம்பளத்தோடு ஊழியர் சேமநிதியும் வளராமல் நின்றுவிடுகிறது. முதுமையில் அவர் மீண்டும் உதவி கேட்டு வந்தால், அந்தச் செலவும் அரசாங்கத்துடையதுதான்.

மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008, வேலை வாய்ப்பில் சம உரிமையைப் பேசுகிறது. அந்த உரிமையில் முன்னேறும் வாய்ப்பும் அடங்க வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது, தொகை எவ்வளவு என்பதோடு வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் கவனிப்போம். அண்ணன் காத்திருப்பது அந்தப் பதிலுக்காகத்தான்.