மோட்டார் எரிவது யார் குற்றம்?



காயில் கருகிப் போனால் “உங்க மோட்டார் சரியில்லை” என்கிறார்கள் அதிகாரிகள். நாம் கேட்கிறோம்: 415 வோல்ட் வரவேண்டிய மும்முனை லைனில் 320 வந்தால் எந்த மோட்டார் தாங்கும்? வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியர் ஏறும், காயில் வெந்துபோகும். ஒரு பேஸ் போனாலும் இதே கதிதான். விதிப்படி 6 சதவீதம்தான் குறையலாம். 390க்குக் கீழே இறங்கக் கூடாது. டிரான்ஸ்பார்மரில் தாங்காத லோடை ஏற்றியது நாமா?

இலவச மின்சாரம் பிச்சையல்ல! 1970-ல் பெருமாநல்லூரில் குண்டடிபட்டுச் செத்த விவசாயிகளின் போராட்டத்தில் விளைந்தது.

நம் பக்கமும் தப்பு வேண்டாம். ஸ்டார்ட்டரில் பிரிவென்டர் மாட்டுங்கள். ரிலேவைக் கழற்றிவிட்டு ஓட்டாதீர்கள். 10 நாளைக்கு மூன்று பேஸ் வோல்டேஜையும் தேதி, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் நம் சாட்சி!

கூடுதல் டிரான்ஸ்பார்மர் போடு! எரிந்த மோட்டாருக்கு நஷ்டஈடு கொடு!

நோட்டோடு ஆர்ப்பாட்டத்துக்குத் திரண்டு வாரீர்!