பிடிவாதம் யாருடையது?

சீனத்து முதியோர் நோய்க்கு அஞ்சாத பிடிவாதக்காரர், இளையோரே விழிப்புற்றோர். 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் கொள்ளைநோய் பற்றிப் பேசுவோர் பலர் இவ்வாறு எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இத்தீர்ப்பு நியாயமானதன்று என்பதே நம் கருத்து.

அவ்வாண்டு ஜனவரியில், புத்தாண்டுக்காக ஊர் திரும்பிய பிள்ளைகள், முகக்கவசம் அணியுங்கள், விருந்துகளைத் தவிருங்கள் என்று பெற்றோரை மன்றாடினர் என்பது உண்மையே. பஞ்சத்தையும், கலாசாரப் புரட்சியையும், 2003ஆம் ஆண்டுச் சார்ஸ் நோயையும் கண்டு கடந்த முதியோர் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதும் உண்மையே. ஆனால், அம்முதியோர் யாருடைய சொல்லை நம்பினர்? பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பரவிய செய்தியை நம்பினர். பெற்றோர் அரசாங்கத்தின் தொலைக்காட்சியை நம்பினர். அந்த அரசாங்கம் அப்போது செய்ததென்ன?

2019 டிசெம்பர் 30இல் வூகான் நகரக் கண் வைத்தியர் லீ வென்லியாங் தம் சக வைத்தியர்களை எச்சரித்தார். அவருக்கு வயது 33. நான்கு நாட்களுள் பொலிசார் அவரை அழைத்து, பொய் பரப்பியதாகக் கண்டித்துக் கையொப்பம் வாங்கினர். ஜனவரி 18இல் அதே நகரின் பைபுடிங் குடியிருப்பில் 40,000 குடும்பங்களுக்கான பெருவிருந்து நடந்தேறியது. அதிகாரிகள் தடுக்காத விருந்தில் கிழவர் ஒருவர் கலந்துகொண்டால், அது அவர் பிடிவாதமா? ஜனவரி 20இல், 83 வயது வைத்திய நிபுணர் ஜோங் நான்ஷான், இந்நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். பிள்ளைகளின் கண்ணீருக்கு அசையாத பெற்றோர் பலர் அச்சொல்லுக்கு அசைந்தனர். 23ஆம் திகதி வூகான் மூடப்பட்டது. பெப்ரவரி 7இல் லீ வென்லியாங் அந்நோய்க்கே இரையானார். அவர்மீதான கண்டனத்தை மார்ச் மாதத்திலேயே பொலிசார் மீளப்பெற்றனர்.

தடுப்பூசி விடயத்திலும் இதே கதைதான். 2020 டிசெம்பரில் 18 முதல் 59 வயது வரையினரே முதலில் அழைக்கப்பட்டனர். முதியோருக்கு ஊசி ஆகாதோ என்ற ஐயம் அங்கேயே முளைவிட்டது. நாட்பட்ட நோயுள்ள பெற்றோருக்கு ஊசி வேண்டாமென்று தடுத்த பிள்ளைகளும் உளர். முன்னே நோய்க்கு அஞ்சிய இளையோர், இப்போது மருந்துக்கு அஞ்சினர்! 2022 மார்ச்சில், 80 வயது கடந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேரே இரு ஊசிகளையும் பெற்றிருந்தனர். டிசெம்பர் 7இல் கட்டுப்பாடுகள் திடீரெனத் தளர்த்தப்பட்டன. மறுநாள் முதல் 2023 ஜனவரி 12 வரை வைத்தியசாலைகளில் மாண்டோர், அரசாங்கக் கணக்கின்படியே, 59,938 பேர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் 65 வயதும் அதற்கு மேலும் உடையோர்.

ஆகவே, குற்றம் முதுமையினதுமன்று, இளமையினதுமன்று. உண்மை உரிய வேளையில் உரைக்கப்படாத நாட்டில், தந்தைக்கும் மகனுக்கும் இடையே பூசல் எழாதிருக்குமா?

பெற்றோர் தவறுமிடத்துப் பணிவோடு எடுத்துரைப்பது பிள்ளையின் கடன் என்று போதித்தவர் கன்பூசியஸ். வீட்டிலே பிள்ளைக்குள்ள அந்த உரிமை, நாட்டிலே குடிமகனுக்கும் இருந்திருத்தல் வேண்டும். லீ வென்லியாங் கேட்டது அதைவிட அதிகமன்று.