கியர் நம்பர் திரையில் தெரியணுமா?

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறியாச்சு, தொடை எரிகிறது. இன்னும் ஒரு லேசான கியர் மிச்சம் இருக்கும் என்று நம்பி லீவரைத் தட்டினேன். இல்லை. எப்போதோ கடைசிக்கு வந்திருக்கிறேன். குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்த அந்த இரண்டு நொடியில், மேலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தபடி திரும்பியது. அன்று ராத்திரியே கியர் காட்டும் சைக்கிள் கம்ப்யூட்டருக்கு விலை பார்க்க உட்கார்ந்துவிட்டேன்.

வாங்கவில்லை. விலை மட்டும் காரணமல்ல. எந்த கியரில் ஓடுகிறோம் என்று அந்தத் திரைக்குச் சொல்வது எலெக்ட்ரானிக் ஷிஃப்டர்தான். ஷிமானோ டிஐ2, ஸ்ராம் ஏஎக்ஸ்எஸ் மாதிரி. என்னுடையது கேபிள் இழுக்கும் சைக்கிள். எவ்வளவு காஸ்ட்லி கம்ப்யூட்டரை மாட்டினாலும் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும். நான் பார்த்த விளம்பரங்களில் இது பொடி எழுத்தில்தான் இருந்தது!

உங்களிடம் எலெக்ட்ரானிக் ஷிஃப்டர் இருந்தால், கம்ப்யூட்டர் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். ஏற்றத்தில் எத்தனை கியர் மிச்சம் என்று குனியாமலே தெரியும். முன்னாலும் பெரிய பல்சக்கரம், பின்னாலும் பெரியது என்று செயின் குறுக்கே இழுபடுவதும் உடனே கண்ணில் படும்.

கேபிள்காரர்களுக்கு ஒரு கேடன்ஸ் சென்சார் போதும். மிதிக்கும் வேகம் சரிந்தால் கியரை இறக்க வேண்டியதுதான். ஷிமானோவின் பழைய சோரா, டியாக்ரா லீவர்களில் கியர் காட்டும் குட்டி முள்ளே இருந்தது. செகண்ட் ஹேண்டில் சிக்கினால் விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற்காடு. அடிவாரத்திலிருந்தே கியரை எண்ணிக்கொண்டு ஏறப்போகிறேன்.