தரிசு என்று சொல்லாதீர்கள்

மரம் இல்லாவிட்டால் தரிசா? பிரான்சில் பிரத்தாஞ் பகுதியின் மோன் தாரே குன்றுகளில் ஏப்ரல் மாதம் உறவினர்கள் பத்துப் பேர் ஒரு பகல் முழுக்க நிதானமாக நடந்தோம். மிக உயர்ந்த முகடே 385 மீட்டர்தான். "வெறும் தரிசு" என்றார் ஒருவர். ரெவின்யூ கோப்புகளில் அந்தச் சொல் என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

மஞ்சளாய்ப் பூத்த முட்புதர்களுக்கு நடுவே பறவைகள் தரையிலேயே கூடு கட்டுகின்றன. இயென் எலே சதுப்பின் மட்கிய பாசி தண்ணீரையும் கார்பனையும் பிடித்து வைக்கிறது. இதுவா தரிசு?

நீலகிரிப் புல்வெளியையும் வெள்ளைக்காரர்கள் தரிசென்றே எழுதினார்கள். சீகையும் தைல மரமும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நட்டோம். பெரும்பகுதிப் புல்வெளி போயிற்று.

வசந்தத்தில் அங்கே போகிறவர்கள் பாதையை விட்டு இறங்காதீர்கள். பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: அது சும்மா கிடக்கும் மண் அல்ல.