பட்டினி வேறு, மெலிவு வேறு

நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கு மேல் உண்ணாதிருந்தால் மாதத்தில் ஐந்து கிலோ குறையும் என்ற ரீதியிலான அறிவுரைகள் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவரிடையே ஒன்றுபோலவே உலவுகின்றன. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் வருவது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வாகும்.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் இறுதிக் கட்டம் அது. பட்டினியால் நலிந்த ஐரோப்பிய மக்களை மீட்டெடுக்கும் வழியை அறிவதற்காக, அன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களின் உணவைக் குறைத்தார். ஆயுதம் ஏந்த மறுத்து, இவ்வாய்வுக்குத் தாமாகவே முன்வந்தவர்கள் அவர்கள். 1945ஆம் ஆண்டில் 24 வாரங்கள் அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,570 கலோரி. உடல் நிறையில் நான்கிலொரு பங்கு கரைந்தது. சினமும் சோர்வும் மிகுந்தன; எந்நேரமும் உணவைப் பற்றிய நினைப்பு. சிலர் சமையற் புத்தகங்களைச் சேகரித்து வாசிக்கத் தொடங்கினர்! உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. ஓய்வில் எரிக்கும் சக்தி சுமார் 40 சதவீதம் வீழ்ந்தது.

அவர்கள் பருத்தவர்கள் அல்லர். வாரந்தோறும் 22 மைல் நடக்கவும் வேண்டியிருந்தது. ஆயினும், அன்று பட்டினி எனப் பெயரிடப்பட்டதிலும் குறைந்த அளவை இன்று நாம் உணவுத் திட்டம் என்கிறோம்.

கலோரிக் கணக்குப் பார்ப்பது தவறன்று. எங்கே பார்க்கிறோம் என்பதே கேள்வி. நம்மவர் முதலில் கைவைப்பது சோற்றில். பின்னேரமானதும் பசி தாங்காது வடையும் ரோல்ஸும் உள்ளே போகும். கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி இட்டு, நாளுக்கு ஐந்து தேநீர் அருந்துபவருக்குச் சீனியில் மட்டும் 240 கலோரி சேர்கிறது. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி. கத்தரிக்காயைப் பொரித்துக் கறிவைக்கும் வீடுகளில் எத்தனை கரண்டி என்று எவர் எண்ணுகிறார்?

2011ஆம் ஆண்டில் கெவின் ஹோலும் சகாக்களும் லான்செற் மருத்துவ சஞ்சிகையில் ஒரு கணிப்பை வெளியிட்டனர். பருத்த ஒருவர் நாளாந்தம் 24 கலோரியை நிரந்தரமாகக் குறைத்தால், காலப்போக்கில் ஒரு கிலோ குறையும். அதில் பாதி முதலாண்டிலேயே. இதன்படி, வேறெதையும் மாற்றாது தேநீர்ச் சீனியை மட்டும் பாதியாக்கினால் ஓராண்டில் இரண்டரைக் கிலோ. விளம்பரப் பலகையில் இடத்தக்க எண் அன்று. மறுபடி ஏறாமலிருக்க வாய்ப்புள்ள எண்.

கடுமையான உணவுக் குறைப்புக்கும் இடமுண்டு. பிரித்தானியாவில் நீரிழிவு நோயாளரிடையே நடந்து 2017இல் முடிவுகள் வெளியான டிறெக்ற் ஆய்வில், சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே கொடுக்கப்பட்டது. ஓராண்டின் பின் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் தணிந்திருந்தது. ஆனால் அவர்களது நீரிழிவுக் குளிசைகள் முதல் நாளே நிறுத்தப்பட்டன. மருத்துவக் கண்காணிப்பும் தொடர்ந்தது. குளிசையையோ இன்சுலினையோ வழமைபோல எடுத்துக்கொண்டு, வைத்தியரைக் கேளாமல் சாப்பாட்டை மட்டும் குறைப்பவருக்கு இரத்தத்தில் சீனி சடுதியாக வீழ்ந்து மயக்கம் வரக்கூடும்.