மஞ்சள் மீன் நீலமானால்

அலுவிகாரையிலிருந்து அன்பரொருவர் வினவுகின்றார்: "கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் மஞ்சள் நிற டாங் மீன்குஞ்சு சில வாரங்களாக நீலம் பாய்ந்து வருகின்றது. நோயென்று கருதிச் செம்பு மருந்து விடலாமா?"

மருந்துப் புட்டியை மூடி வையுங்கள். தங்களிடமிருப்பது அத்திலாந்திக் நீல டாங்காக இருத்தல் வேண்டும். கரிபியன் கடல்வாசியான இம்மீன் இளமையில் எலுமிச்சம்பழம் போல் மஞ்சளாயிருக்கும். பின்னர் உடல் நீலமாகி வால் மட்டும் மஞ்சளாய் நிற்கும். முடிவில் வாலும் நீலமாகும். இத்தனை அங்குலம் வளர்ந்ததும் மாறும் என்ற திட்டமில்லை. நமது கடலில் வாழும் பவுடர் புளூ டாங்கோ குஞ்சிலேயே தாயின் நிறத்தை ஒத்திருக்கும்.

இத்தகைய மாற்றம் அறிஞரையே ஏமாற்றியதுண்டு. நமது கடலிலுமுள்ள சக்கரவர்த்தி மீனுக்கு 1787இல் புளொக் என்னும் ஜெர்மானியர் பெயரிட்டார். கருநீல உடலில் வெள்ளை வளையங்களையுடைய அதன் குஞ்சோ, 1801இல் வெளியான நூலில் நிக்கோபார் மீனென்று தனியினமாகவே பதிவாயிற்று!

இரவில் தங்கள் மீனின் நிறம் மங்கினாலும் அஞ்ச வேண்டாம். ஆயின் தலையிலும் பக்கவாட்டிலும் குழிகள் விழுந்தாலோ, உப்புத்தூள் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றினாலோ, இரையை வெறுத்து மூச்சு வாங்கினாலோ, அது நோயே. வெண்புள்ளிக்குச் செம்பு மருந்து உண்டு. அதையும் வேறு தொட்டியிலேயே விடுங்கள். பவளமும் இறாலும் செம்பினால் மடியும்.

கடலுக்கெட்டாத மாத்தளைப் பகுதியில் நீர் மாற்றுவதும் ஒரு சங்கடமே. சமையலுப்பு ஆகாது; கடல்நீர்த் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையை லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்துக் கொள்ளுங்கள். மீனைப் பிடிக்கையில் வாலடி முள்ளில் கவனமிருக்கட்டும். சத்திரவைத்தியர் மீனென்று பெயர் வந்தது அக்கத்தியினாலேயே.