கொட்டியாரக் கைதியும் லண்டன் சபையும்

மூதூரில், கொட்டியாரக் குடாவை ஒட்டி, 1893இல் நாட்டிய நினைவுக்கல் ஒன்று உண்டு. ரொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் பிடிபட்ட மரம் நின்ற இடம் அது என்கிறது அந்தக் கல். கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஓடிய ‘ஆன்’ என்ற கப்பல், மசூலிப்பட்டினத்துப் புயலில் பாய்மரத்தை இழந்து, புது மரம் வெட்டிப் பூட்ட இந்தக் குடாவுக்குள் ஒதுங்கியது. 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல்காரர் 16 பேரைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவரின் மகனுக்கு அப்போது வயது 19. அவனுக்கும் அதே பெயர். சேதி சொல்லக் கப்பலுக்கு அனுப்பியபோது அப்படியே பாய் விரித்துப் போயிருக்கலாம். தகப்பனுக்குக் கொடுத்த வாக்குக்காகத் திரும்பி வந்தான். மறுவருடமே தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகன் மலைநாட்டில் 19 வருடம் கிடந்தான்.

அதே 1660 நவம்பரில் லண்டனில் 12 பேர் கூடி ஒரு சபையைத் தொடங்கினார்கள். பின்னாளில் ரோயல் சொசைட்டி என்று பெயர் பெற்ற சபை அதுதான்.

வகுப்பில் நான் இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துத்தான் சொல்வது வழக்கம். லூதர் 1517, கொப்பர்னிக்கஸ் 1543, நியூட்டன் 1687 என்று கரும்பலகையில் எழுதி நடுவே அம்புக்குறி போட்டுவிட்டால் ‘சமயச் சீர்திருத்தம் விஞ்ஞானத்தைப் பெற்றது’ என்ற பாடம் முடிந்துவிடுகிறது. பிள்ளைகளும் அதையே எழுதிப் புள்ளி எடுத்துவிடுகிறார்கள். அந்த அம்புக்குறிதான் எனக்கு உறுத்துகிறது.

அதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபேட் மெர்ட்டன் 1938இல் ஒரு கணக்குக் காட்டினார். 1663இல் அந்தச் சபையில் இருந்தவர்களில் சமயச் சார்பு தெரிந்தவர்கள் 68 பேர்; அவர்களில் 42 பேர் பியூரிட்டன்கள், அதாவது சீர்திருத்தத்தில் தீவிரமான ஆங்கிலப் புரட்டஸ்தாந்துக்காரர். ‘பியூரிட்டன்’ என்ற சொல்லை மெர்ட்டன் நன்றாக இழுத்து விரித்துவிட்டார் என்று பின்வந்தவர்கள் சண்டை பிடித்தார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் மகன் நொக்ஸ் எழுதிய நூலைப் படிக்கும்போது மெர்ட்டன் எதைக் கண்டு மயங்கினார் என்பது விளங்குகிறது. பக்தி நூல் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு சிறையிருந்தவர் நொக்ஸ். கிழவர் ஒருவரிடம் ஆங்கில வேதாகமம் இருப்பதறிந்து, பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். தனக்கு நேர்ந்த ஒவ்வொன்றிலும் கடவுளின் கையைத் தேடியவர். எறும்பில் எத்தனை வகை, ஒவ்வொன்றும் எங்கே கூடு கட்டும், ஒரு தாளிப்பனை ஓலையின் கீழ் எத்தனை பேர் மழைக்கு ஒதுங்கலாம், அட்டைக்கடிக்கு என்ன செய்வார்கள், நெல் எத்தனை மாதத்தில் விளையும் என்று எழுதி வைத்ததும் அதே கைதான். தன் மனச்சாட்சிக்குத் தினமும் கணக்கு எழுதிப் பழகியவன் எறும்புக்கும் கணக்கு எழுதுவான்.

ஆனால் அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கியவர் யார்? மலைநாட்டிலிருந்து தப்பி வந்த நொக்ஸின் அந்த நூல் 1681இல் லண்டனில் அச்சாகியது. முன்னுரை எழுதியவர் ரொபேட் ஹூக். சபையின் பரிசோதனைப் பொறுப்பாளர்; நுண்ணோக்கியில் தெள்ளுப்பூச்சியைப் பார்த்துப் படம் போட்டவர். அவர் பியூரிட்டன் வீட்டுப் பிள்ளை அல்லர். இங்கிலாந்துத் திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மகன். சமயப் பெயரால் நடந்த உள்நாட்டுப் போரில் களைத்துப்போன நாட்டில், கூட்டத்துக்குள் வேதவிவாதமும் அரசியலும் வேண்டாம் என்று சபை ஒதுக்கி வைத்திருந்தது. சீர்திருத்தம் கொடுத்த பழக்கத்தை விஞ்ஞானமாக்கியது அந்த ஒதுக்கல்தான் என்பது என் கட்சி.

ஒதுக்காத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு நாட்காட்டியே சாட்சி. பாப்பரசர் 1582இல் திருத்திய நாட்காட்டி வானியல்படி சரியானது. கிளேவியஸ் என்ற இயேசு சபைத் துறவி அதற்குக் கணக்கும் விளக்கமும் எழுதினார். பாப்பரசருடையது என்பதற்காகவே இங்கிலாந்து 1752 வரை அதைத் தொடவில்லை. நியூட்டனின் நாடு பிழையான திகதியில் 170 வருடம் வாழ்ந்தது! நொக்ஸ் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்தது அவர் கணக்கில் 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை. கோட்டையில் இருந்த ஒல்லாந்தரின் நாட்காட்டியில் அன்று 28. ஒல்லாந்தரும் புரட்டஸ்தாந்துக்காரர்தான். ஆனால் அவர்களின் ஒல்லாந்து மாகாணம் 1583க்குள்ளேயே புது நாட்காட்டிக்கு மாறிவிட்டிருந்தது. சமயம் மட்டும் தீர்மானித்திருந்தால் இந்தப் பத்து நாள் வித்தியாசம் வந்திருக்காது.

எங்கள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு ஐரோப்பியச் சமயப் பிணக்கு வந்து சேர்ந்த விதம் இன்னும் வேறு. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கல்லால் கோட்டை கட்டினார்கள். 1639இல் சீர்திருத்தத் திருச்சபைக்காரரான ஒல்லாந்தர் அதைப் பீரங்கியால் பிடித்தார்கள். கோயிற்கல் கோட்டைக் கல்லாகவே கிடந்தது. லூதரையும் ரோமையும் பற்றிய பாடத்தை அந்தக் கோயில் நின்ற சுவாமி மலையில் நின்றுகொண்டு படிப்பிக்கும் ஆசிரியர், சீர்திருத்தம் என்றாலே அறிவொளி என்று எப்படிச் சொல்வார்?

மாவட்டப் பாடசாலைகளுக்கு என் யோசனை இது. 1666இல் ரோயல் சொசைட்டி தூரதேசம் போகும் மாலுமிகளுக்கென்று ஒரு கேள்விப் பட்டியலை அச்சிட்டது. திசைகாட்டி எவ்வளவு விலகுகிறது, கடல் எப்போது ஏறி வற்றுகிறது, ஆழம் எவ்வளவு, அடியில் மணலா சேறா, காற்று எந்த மாதம் எங்கிருந்து அடிக்கிறது என்பன போன்ற கேள்விகள். இதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு பிள்ளைகளை மூதூர் இறங்குதுறைக்குக் கூட்டிப் போகலாம். அரைவாசிக் கேள்விக்கு அங்குள்ள மீனவர்கள் நின்ற நிலையிலேயே பதில் சொல்வார்கள். மீதிக்கு ஈயக்குண்டு கட்டிய கயிறு ஒன்று வேண்டும்.

(கட்டுரையாளர் விஞ்ஞான வரலாறு கற்பிப்பவர்)